வரிசை சார் போட்ட பாடத்திட்டம்

பெரம்பலூர், அரியலூர் ரெண்டு மாவட்டத்திலும் வரிசை சார் நிற்காத வரிசை என்று ஒன்று இருந்தால், அது பிரசவ வார்டு வரிசையாகத்தான் இருக்கும். அதிலும் ஒரு தடவை சித்தி மகளுக்குத் துணையாகப் போய் நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறார் என்று எங்கள் கேன்டீன்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவார்.

நான் பத்தாவது வரை படித்தவள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் ஆபீஸ் உதவியாளர். ஃபைல் தூக்குவது, பெல் அடிப்பது, மீட்டிங் என்றால் டீ கொண்டுபோய் வைப்பது என் வேலை. எழுத்து என்று நான் எழுதியதெல்லாம் மளிகை லிஸ்ட்டும் ஸ்ரீராமஜெயமும்தான். இருந்தாலும் பெரிய மனுஷர்களைப் பற்றி இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறார்கள். நான் கண்ணால் பார்த்த பெரிய மனுஷரை எழுதாமல் விட்டால் அம்மன் என்னைக் கேட்பாள் என்று தோன்றியது.

வரிசை சார் எங்கள் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. நாலு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பதைப் பார்த்தால் போதும், ஐந்தாவதாகப் போய் நின்றுகொள்வார். எதற்கான வரிசை என்று கேட்க மாட்டார். "முன்னாடி போனா தெரிஞ்சிடப் போவுது" என்பார்.

அப்படித்தான் திருமானூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். முன்னால் போன பிறகுதான் அது நாய்க்கடி ஊசி வரிசை என்று தெரிந்தது.

"எங்க கடிச்சிச்சு?" என்று கேட்டாராம் நர்சம்மா.

"என்னைய ஒண்ணும் கடிக்கலைங்க."

"பின்ன எதுக்கு இவ்ளோ நேரம் நின்னீங்க?"

"எவ்ளோ நேரம் நிக்க வேண்டியிருக்குன்னு பாக்கத்தாங்க."

நர்சம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் நின்றவரிடம் சொன்னாராம்: "அண்ணே, இவர எந்த நாயும் கடிச்சிடாம பாத்துக்குங்க. பாவம், அதுக்கு என்ன ஆவுமோ!"

அந்தப் பின்னால் நின்றவர் நிஜமாகவே நாய் கடித்த எங்கள் வாட்ச்மேன். மறுநாள் காலை முதல் மணி அடிப்பதற்குள் கல்லூரி முழுக்க 'வரிசை சார்' என்று பேர் பரவிவிட்டது.

அந்தக் குட்டி நோட்டை ஒரு நாள் நான் பார்த்தேன். மேஜையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். தூசி தட்டுகிற சாக்கில் திறந்தேன், பொய் சொல்ல மாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டிருந்தது. எத்தனை நேரம் நின்றார், உட்கார இடம் இருந்ததா, யாருக்குத் திட்டு விழுந்தது, கவுன்ட்டரில் இருந்தவர் சொன்ன முதல் வார்த்தை என்ன. முதல் வார்த்தைக் கட்டத்தில் 'என்ன?' 'என்ன?' 'என்ன?' என்று வரிசையாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் 'வாங்க' என்று இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, கோயில் கோபுரம் மாதிரி ஏதோ வரைந்து வைத்திருந்தார். நான் நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் பிரின்சிபாலுக்கு ஒரு யோசனை வந்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு பாடம் வைக்க வேண்டும். முதியோர், மாற்றுத் திறனாளிகள், ஆதரவில்லாதவர்கள் என்று உதவி தேடி வருகிறவர்களுக்கு எப்படி உதவுவது என்று சொல்லித் தருகிற பாடம். பேர், 'மனித சேவை அறிமுகம்'. வரிசை சாரைக் கூப்பிட்டார்.

"பாடத்திட்டம் நீங்க போடுங்க. வெளியூர்லேருந்து குழு வந்து பாக்கும். அவங்க ஒத்துக்கிட்டா அந்தப் பாடத்துக்கு நீங்கதான் வாத்தியார், வேலை நிலைக்கும். இல்லேன்னா இந்த வருஷத்தோட உங்க போஸ்ட்டு இல்ல. மேல சொல்லிட்டாங்க."

மூன்று வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தவர். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே கம்ப்யூட்டரில் எங்கிருந்தாவது எடுத்து ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். இவர் லீவு போட்டுவிட்டு வரிசையில் நிற்கப் போய்விட்டார். அரியலூரில் ஒரு வாரம், அரும்பாவூர்ப் பக்கம் ஒரு வாரம். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்து வாட்ச்மேனே வெளியாள் என்று நினைத்து நிறுத்திவிட்டார். அத்தனை கறுப்பு.

பாடத்திட்டத்தைப் படித்த பிரின்சிபாலும் கறுத்துப் போனார்.

"மொத யூனிட்டு, நிற்பது. என்னய்யா இது? நிக்கிறதுக்கு ஒரு யூனிட்டா? மாடு கூடத்தான்யா நிக்கிது!"

"மாட்டுக்குத் தெரியுதுங்க சார். நம்ம பசங்களுக்குத் தெரியல. ஆபீசர் புள்ளைங்க பாதிப் பேரு வரிசையில நின்னதே இல்லீங்க."

"ரெண்டாவது, கேட்பது. மூணாவது, எழுதித் தருவது. தேவையான பொருள், ஆளுக்கு ரெண்டு பேனாவா? ஏன்யா, ஒரு கையால எழுதினா பத்தாதா?"

"இன்னொண்ணு கடன் குடுக்கறதுக்குங்க சார்."

பேனா விஷயம் அரும்பாவூர் பாப்பாத்தியம்மாவின் யோசனை. பாப்பாத்தியம்மா வெங்காயம் போடுகிற விவசாயி. தன் தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்தே கை பழகியவர். சார் ஏதோ ஒரு வரிசையில் அவரைப் பிடித்துக் கல்லூரிக்கே கூட்டி வந்துவிட்டார். கேன்டீனில் உட்கார வைத்து, "பாடத்துல என்ன வைக்கலாம், சொல்லுங்கம்மா" என்று நோட்டைத் திறந்தார்.

"ஆபீசுக்கு ஆபீசு பேனாவக் கவுத்துல கட்டி வச்சிருக்கான் தம்பி. அது என்ன கன்னுக்குட்டியா, அவுத்துக்கிட்டு ஓட? மொதல்ல ஒரு பேனாவக் கையில குடுக்கச் சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்."

சார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் டீ டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எம்.ஏ. படித்தவர் ஒருத்தர் கைநாட்டுக்காரர்களுக்கு மனு எழுதுகிற அம்மாளிடம் பாடம் எழுதி வாங்குகிறாரே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

குழு வருகிற நாளும் வந்தது. திங்கட்கிழமை மத்தியானம் ரெண்டரை மணிக்கு மீட்டிங். அன்று காலையிலேயே சார் ஒரு ஒத்திகை வைத்தார். எங்கள் ஆபீஸ் வராந்தாவை அரசாங்க ஆபீஸ் மாதிரி மாற்றினார். பிள்ளைகள் பொதுஜனம்.

"அக்கா, நீங்கதான் கவுன்ட்டர்" என்றார் என்னிடம்.

"எனக்கு நடிக்கத் தெரியாதே சார்."

"நடிக்க வேணாங்க்கா. நீங்க எங்கெங்க அலைஞ்சீங்களோ, அங்க ஒங்ககிட்ட என்னென்ன சொன்னாங்களோ, அத அப்படியே திருப்பிச் சொல்லுங்க."

என் மாமியாரின் முதியோர் பென்ஷனுக்காக நான் நடந்த நடைக்குக் காசிக்கே போய் வந்திருக்கலாம். அதனால் ஒத்திகைக்கே ஒத்திகை தேவைப்படவில்லை.

"மனு குடுக்கற வேஷத்துக்கு வர்றதா இருந்த பாப்பாத்தியம்மாவுக்கு இன்னிக்கு வெங்காய அறுப்பாம். அவங்க நாத்தனார அனுப்பறாங்க. யாரா இருந்தாலும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, சார் வழக்கம்போல வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டார்.

பத்தேகால் மணிக்கு ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். காட்டன் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், துணிப்பை. நாத்தனார் வந்தாச்சு என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"என்ன?"

"பிரின்சிபாலப் பாக்கணும்மா. திருச்சியிலேருந்து வரேன்."

"எல்லாருந்தான் எங்கேருந்தாவது வராங்க. டோக்கன் வாங்கிட்டு வரிசையில நில்லுங்க."

"இல்லம்மா, நான் மீட்டிங்குக்கு..."

"மீட்டிங் மத்தியானம். இப்ப டோக்கன்."

அரை மணி நேரம் கழித்து அவர் முறை வந்தது. "ஆதார் ஜெராக்ஸ் எங்க?" என்றேன்.

"எதுக்கும்மா ஆதார்?"

"எதுக்குன்னு எனக்கே தெரிஞ்சா நான் ஏன் இந்த சீட்டுல இருக்கேன்?"

எதிர்க்கடைக்குப் போய், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவில் ரோட்டைத் தாண்டி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தார். புடவை முழுக்க வெள்ளைத் தூசி. திரும்பவும் வாலில் போய் நின்று, வரிசையில் நகர்ந்து வந்து நீட்டினார். நான் வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

"பின்பக்கம் எடுக்கலியே?"

அந்த அம்மாவின் முகத்தில் கோபம், களைப்பு, அழுகை மூன்றும் சேர்ந்து வந்தது பாருங்கள், எனக்குக் கை தட்டலாம் போல் இருந்தது. மெல்லக் குனிந்து சொன்னேன்: "பிரமாதமா பண்றீங்கம்மா. சாரு எங்கேருந்துதான் ஆளப் புடிக்கிறாரோ!"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவருக்கு நேர் பின்னால் வரிசை சார் நின்று, கடிகாரத்தைப் பார்ப்பதும் நோட்டில் குறிப்பதுமாக இருந்தார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பிரின்சிபால் வெளியே வந்தார். "மேடம்! நீங்க எப்ப வந்தீங்க?"

"பத்தே காலுக்கு" என்றார் அந்த அம்மா. "ஜெராக்ஸ் பின்பக்கம் எடுக்கலையாம்."

குழுவின் தலைவி அவர்தான். ஓய்வு பெற்ற பேராசிரியை. கார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். சிறுவாச்சூர் காளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் நடை திறக்கும். வருவதே திங்கட்கிழமை, தாயைப் பார்த்துவிட்டே போகலாம் என்று விடிகாலையிலேயே கிளம்பி, மாவிளக்குப் போட்டுவிட்டு நேரே வந்திருக்கிறார். துணிப்பையில் இருந்தது பிரசாதம். 'தாயே, உன்னைப் பார்த்துவிட்டு வந்தவளையே கால் கடுக்க நிற்க வைத்துவிட்டேனே' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ரெண்டரை மணிக்கு டீ டிரேயோடு உள்ளே போனேன். பிரின்சிபால் கொதித்துக்கொண்டிருந்தார்.

"யாரு பண்ண தப்பு இது? இப்பவே தெரிஞ்சாவணும்!"

நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை சார் எழுந்துவிட்டார். "நாந்தாங்க சார். அக்கா நான் சொன்னதத்தான் செஞ்சாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

தன் வேலை இருக்குமா போகுமா என்று அந்த மேஜையில்தான் முடிவாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு டீ கொண்டு வருகிறவளுக்காகத் தலையைக் கொடுத்து நிற்கிறார் மனுஷன். எனக்கு அந்த அறையில் கற்பூர வாசனை அடித்தது போல் இருந்தது.

பேராசிரியை அம்மா பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூடி வைத்தார்.

"இத இப்படியே என்னால ஒத்துக்க முடியாது."

வரிசை சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாம் இருக்கு. ஆனா ஒண்ணு விட்டுப் போயிருக்கு" என்றார் அந்த அம்மா. "எனக்குச் சக்கரை வியாதி. ஒன்றரை மணி நேரம் அங்க நின்னேன். பாத்ரூம் எங்கன்னு யாருகிட்டயாவது கேட்டிருக்கலாம். கேக்கல. வரிசை போயிடுமோன்னு பயம். அந்தக் கவுன்ட்டர்ல போயி அதக் கேக்கக் கூச்சம். முப்பது வருஷமா இந்த மாதிரிப் பாடத்த நடத்தினவ நான். எனக்கே வாய் வரல. படிக்காத ஒருத்தி என்ன செய்வா? ஒங்க பாடத்துல இதுக்கு எங்க எடம்?"

வரிசை சார் மெல்ல நிமிர்ந்தார். கண் ரெண்டும் கலங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார், மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"எத்தன நிமிஷங்க மேடம் அடக்கிட்டு இருந்தீங்க?"

பிரின்சிபால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். குழுவில் வந்திருந்த மற்ற ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். பேராசிரியை அம்மா ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"அம்பது நிமிஷம். எழுதிக்குங்க."

சார் எழுதிக்கொண்டார். அப்படியே முதல் யூனிட்டில் அந்த அம்மா சொல்லச் சொல்ல ஒரு வரியும் சேர்த்தார். உதவி கேட்டு வருகிறவருக்கு உட்காரும் இடம், தண்ணீர், கழிப்பறை மூன்றையும் கேட்காமலே காட்டிவிட்டுத்தான் என்ன வேண்டும் என்று விசாரிக்க வேண்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். மற்ற ரெண்டு பேரும் போட்டார்கள். நான் டிரேயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது அந்த அம்மா துணிப்பையிலிருந்து மாவிளக்கு மாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீயுந்தாம்மா பிரமாதமா பண்ற. சாரு எங்கேருந்துதான் ஆளப் புடிக்கிறாரோ!"

அந்த வாரம் வியாழக்கிழமை சாருக்கு வேலை நிரந்தரம் என்று ஆர்டர் வந்தது. அன்றைக்கு ஆபீஸ் முன்னால் ஹால் டிக்கெட்டுக்குப் பிள்ளைகள் நீளமாக நின்றார்கள்.

"சார், ஒங்க ஆர்டர் எங்கிட்டதான் இருக்கு. உள்ள வாங்க" என்று கூப்பிட்டேன்.

"இருக்கட்டுங்க்கா. முன்னாடி இருவது பேரு நிக்கிறாங்க" என்று வாலில் போய் நின்றுகொண்டார். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் நானே காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய், அவர் நின்ற இடத்திலேயே கையில் கொடுத்தேன். படித்தார். மடித்து நோட்டுக்குள் வைத்தார். வரிசையை விட்டு மட்டும் நகரவில்லை. அவருக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு ஃபாரத்தில் ஏதோ சந்தேகம், அதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் போய் மாவிளக்குப் போட்டேன். பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கும்மா?" என்றார். சாரின் நிஜப் பேர் எனக்குத் தெரியும், ஆர்டரிலேயே பார்த்தேன். ஆனாலும் வாயில் 'வரிசை சார்' என்றுதான் வந்தது. பூசாரி ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே சொல்லி அர்ச்சனை பண்ணினார். இத்தனை வருஷத்தில் அன்றைக்கு மட்டும் என் பிள்ளைகளின் பேர் ரெண்டாவதாகத்தான் வந்தது.