கடலரசியின் பெயரை வைத்திருந்த புழு

ஒரு காட்டில் மரங்களெல்லாம் முழங்கால் வரை உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. அலையாத்திக் காடு அது. ஒரு நாள் காலை அங்கே ஒரு பெண் நீந்தி வந்து சேர்ந்தாள். பெயர் ஆம்பிட்ரைட்டி. கிரேக்க தேசத்துக் கடல் தேவதை. நெரியஸ் என்ற கடல் கிழவருக்குப் பிறந்த ஐம்பது பெண்களில் ஒருத்தி. கடலரசன் போசைடனுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

வாழ்க்கைப்பட்டதில்தான் சிக்கல். போசைடனுக்குக் கோபம் வந்தால் நிலம் நடுங்கும், கப்பல் கவிழும். கோபம் தணிந்ததும் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "எப்படி இருந்தது?" என்று கேட்பான். "ரொம்ப நன்றாக இருந்தது" என்று மூவாயிரம் வருடம் சொல்லிச் சலித்துப்போனவள், ஒரு நாள் அவனுடைய சூலத்தைத் துடைத்து மூலையில் சாத்திவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பும் அவனுக்குப் பயந்து ஒரு முறை ஓடி ஒளிந்தவள்தான். அப்போது ஒரு டால்பின் தேடி வந்து, நயமாகப் பேசி அழைத்துப் போய்விட்டது. ஆகவே இந்தத் தடவை டால்பின் நீந்த முடியாத நல்ல சேறாகப் பார்த்து வந்திருந்தாள்.

காட்டில் குடியிருக்கப் பெயரைப் பதிய வேண்டும். பதிவு அலுவலகம் ஒரு சுரபுன்னை மரத்தடியில் இருந்தது. டோக்கன் எந்திரத்தில் உப்பு ஏறிவிட்டதால் அது எல்லோருக்கும் பதினேழாம் எண்ணையே கொடுத்தது. குமாஸ்தா நண்டு "பதினேழு" என்று கூப்பிட்டதும் மொத்த வரிசையும் நகர்ந்தது. ஆள் உயரமானவள் என்பதால் ஆம்பிட்ரைட்டி முன்னால் வந்து விழுந்தாள்.

"பேரு?"

"ஆம்பிட்ரைட்டி."

நண்டு பதிவேட்டைப் பக்கவாட்டில் புரட்டியது. "அந்தப் பேரு போயிடுச்சும்மா. நாலாம் நம்பர் சேத்துத் திட்டுல ஒரு புழு வச்சிருக்கு."

"அது என் பேருங்க."

"இருக்கலாம். வெளிநாட்டு விஞ்ஞானி ஒருத்தர் அந்தப் புழு இனத்துக்கு உங்க பேரை வச்சு இருநூத்தம்பது வருஷம் ஆகுது. வானத்துல சுத்துற ஒரு கல்லுக்கும் அதே பேரு. கப்பல்களுக்கும் வச்சிருக்காங்க. கல்லும் கப்பலும் இங்க குடியிருக்க வரல. புழு வந்துச்சு, பதிஞ்சுது."

"அந்தப் பேருக்கு முதல் ஆளு நான்தானே?"

"பிறப்புச் சான்று இருக்கா?"

"நான் பிறந்தப்போ எழுத்தே கிடையாதுங்க."

"புழுகிட்ட பேப்பர் இருக்கும்மா" என்றது நண்டு வருத்தத்தோடு. அது இரக்கமுள்ள பிராணி. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் பதியாவிட்டால் திரும்பக் கடலுக்கே அனுப்பிவிடுவார்கள் என்றும், ஆட்சேபணை இல்லை என்று புழுவிடம் எழுதி வாங்கி வந்தால் பெயரை மாற்றித் தரலாம் என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னது.

ஆம்பிட்ரைட்டி நாலாம் நம்பர் திட்டுக்குப் போனாள். சேற்றில் ஒரு குழாய் செருகியிருந்தது. அதன் வாயிலிருந்து சேமியா போல ஏகப்பட்ட இழைகள் நெளிந்தன. நடுவில் புழு எட்டிப் பார்த்தது.

விஷயத்தைக் கேட்டதும் அது இழைகளை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. "அக்கா, பேரு உங்களுதுதான். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இந்தப் பேரு போச்சுன்னா நான் வெறும் புழு. வெறும் புழுவை இரைப் பட்டியல்ல சேர்த்துடுவாங்க. வெள்ளிக்கிழமை தோறும் கொக்கு வந்து ஒண்ணை வாங்கிட்டுப் போகும். பதிய சோம்பல்பட்ட எங்க சித்தப்பா அப்படித்தான் போனாரு."

ஆம்பிட்ரைட்டி குழாய்க்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தாள்.

"உனக்கு இந்தப் பேரு பிடிச்சிருக்கா?"

"என் வாயில நுழையல அக்கா. ஆனா யாராவது கூப்பிட்டா எட்டிப் பார்க்கணும்னு தோணுது."

அவளுக்கு அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டால் ஓடிவிடத்தான் தோன்றும். எழுதி வாங்காமலே திரும்பி வந்தாள்.

"வேற பேரு ஏதாவது காலியா இருக்கா?" என்று நண்டிடம் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. 'புழு'. உங்க பேரை எடுத்துக்கிட்டப்போ அந்தப் புழு விட்டுட்டுப் போனது. ஆனா இரைப் பட்டியலோட சேர்த்துத்தான் வரும்."

அவள் அரண்மனையை நினைத்தாள். "எப்படி இருந்தது?" என்ற கேள்வியை நினைத்தாள். "எழுதிக்குங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை கொக்கு வந்தது. அது கொண்டுவந்த சீட்டில் 'புழு, ஒன்று' என்றிருந்தது. எதிரே ஆறடி உயரத்தில் கடலரசி நின்றாள். கொக்கு சீட்டைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி சீட்டைப் பார்த்தது.

"நீங்களா புழு?"

"ஆமா."

"உங்களை முழுசா சாப்பிட எனக்கு மூணு மழைக்காலம் ஆகும்மா. வேணாம்னு திருப்பி அனுப்பினா அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு ஒதுக்கீடே கிடையாதுன்னுடுவாங்க." கொக்கு ஒற்றைக் காலில் நின்று நெடுநேரம் யோசித்தது. பிறகு, 'புழு ஒன்று பெற்றுக்கொண்டேன், முழுமையாக உண்டேன், திருப்தி' என்று எழுதி அலகால் கையெழுத்துப் போட்டது. நண்டு முத்திரை குத்தியது. கொக்கு இரண்டு மீனைப் பிடித்துத் தின்றுவிட்டுப் பறந்துபோனது.

அடுத்த வாரம் டால்பின் வந்தது. பழைய டால்பின்தான். கடல் நீர் ஏறிய நேரம் பார்த்து அலுவலகம் வரைக்கும் வந்துவிட்டது. ஆம்பிட்ரைட்டி மரத்தடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஒளிய நேரமில்லை.

"எங்க அரசி இங்க இருக்கிறதாக் கேள்விப்பட்டேன். அதோ, அவங்கதானே?" என்றது டால்பின்.

நண்டு நிமிர்ந்து பார்த்தது. "அது புழுங்க. போன வெள்ளிக்கிழமையே கொக்கு தின்னாச்சு. ரசீது பாருங்க."

டால்பின் ரசீதை வாங்கி இரண்டு முறை படித்தது. அவள் முகத்தை ஒரு முறை பார்த்தது. அதுவும் மூவாயிரம் வருடம் அரசாங்க வேலையில் இருந்த பிராணி.

"பாவம்" என்றது. "அப்போ ஆம்பிட்ரைட்டி யாரு?"

"நாலாம் நம்பர் திட்டு. நேராப் போய் இடது பக்கம்."

குழாயிலிருந்து புழு எட்டிப் பார்த்தது. டால்பின் குனிந்து வணங்கி, அரண்மனைக்கு அழைத்தது.

"அங்க கொக்கு உண்டா?" என்று கேட்டது புழு.

"ஆழ்கடல்ல கொக்கு ஏதுங்க."

"அப்போ வரேன்."

போசைடன் புழுவைச் சிங்காசனத்தில் உட்கார வைத்தான். மனைவி கொஞ்சம் இளைத்துவிட்டதாக நினைத்தான். அன்றைக்கே ஒரு புயலைக் கிளப்பிவிட்டு வந்து, "எப்படி இருந்தது?" என்று கேட்டான். புழு பயத்தில் எல்லா இழைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவனுக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை காலத்தில் இப்போதுதான் அவள் தன்னைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள் என்று தூதர்களிடம் சொல்லி அனுப்பினான்.

காட்டில் ஆம்பிட்ரைட்டியை அதன் பிறகு யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. தின்னப்பட்டவருக்கு டோக்கன் கிடையாது, படிவம் கிடையாது, கடைசித் தேதி கிடையாது. சேற்றில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளைக் காட்டி, புதிதாகக் குடிவந்த உளுவை மீன் ஒன்று, "அந்தம்மா யாருங்க?" என்று நண்டிடம் கேட்டது.

"யாருமில்ல" என்றது நண்டு.

அது அவள் காதில் விழுந்தது. காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

நீதி: காகிதத்தில் செத்துப்போவது உடம்புக்கு மிகவும் நல்லது.