கொட்டகை விமானத்தின் பணி மூப்பு

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், மலாக்காவுக்கு ஒரு விமானக் காட்சிசாலை இன்றியமையாதது என்று காஜா பெராங் வட்டாரத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஊரில் வேறு யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

காட்சிசாலைக்கு விமானத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. டவுனுக்கு வெளியே, சிங்கப்பூர் விமானம் வந்து போகிற திடலின் வேலியோரம், வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன ஒன்று லாலாங் புல்லுக்குள் கிடந்தது. எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே ஆடுகள் குடும்பம் நடத்தின. சைக்கிள் கடை மருதப்பன் ஆடுகளை விரட்டி, துருவைத் தேய்த்து, கடையில் மிச்சமிருந்த பச்சைச் சாயத்தைப் பூசி, மேலே அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டார். சாயம் அவருடையது என்பதால் அவரே தலைவர். தமிழ்ப்பள்ளி வாத்தியார் சாமிநாதன் செயலாளர். மற்ற மூவரும் உபதலைவர்கள். உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாதது சபைக்கு ஒரு குறையாக யாருக்கும் படவில்லை. சம்பளம் கிடையாது, எல்லாம் தொண்டு.

மருதப்பனுக்கு அந்த விமானத்தின்மேல் உயிர். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் அதன் மூக்கைத் துடைக்கப் போய்விடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்த மனைவி சிகப்பி, "என்னைய ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்கீங்களா" என்று கேட்டாள். இறக்கைப் பக்கம் கொஞ்சம் அழுக்கு இருந்ததால் அவர் அங்கே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் விமானத்தின் மூக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் புது எலுமிச்சம்பழம் வைப்பார்கள். புது மோட்டார்க் காடி வாங்கினால் செய்கிற காரியம்தானே. உள்ளே ஏறிப் பார்க்கிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விமானத்திடலுக்குக் கருணாகரன் என்ற புது அதிகாரி வந்தார். பழைய துரை சீமைக்குத் திரும்பிவிட்டார். அவர் விட்டுப்போன முழங்கால் காலுறையையும் விதிப்புத்தகத்தையும் கருணாகரன் எடுத்துக்கொண்டார். துரைக்கு அவை இரண்டும் தொளதொளவென்று இருந்தன. கருணாகரனுக்கு இறுக்கிப் பிடித்தன.

வந்த முதல் வாரமே கொட்டகைக்கு வந்து, விமானத்தை ஒரு சுற்று சுற்றினார்.

"இது எப்போது வந்திறங்கியது?"

"சண்ட முடிஞ்ச காலத்துலன்னு சொல்றாங்க, சார்" என்றார் மருதப்பன்.

"அதற்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாமல் எந்த விமானமும் இறங்குவதில்லை. ஆகவே இது விமானம் அல்ல. விமானம் அல்லாத தகரம் திடலை ஒட்டிக் கிடப்பது விதிக்குப் புறம்பு. திங்கட்கிழமை பழைய சாமான்காரர் வெட்டி எடுத்துப் போவார்."

பச்சைச் சாயம் பூசிய அந்த உடம்பைத் துண்டு துண்டாக வெட்டி, உருக்கி, யாரோ அதில் சட்டி செய்து ரசம் வைப்பார்கள் என்று மருதப்பன் நினைத்துப் பார்த்தார். தலை குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அவர் பார்வை போன இடத்துக்கே அதிகாரியின் பார்வையும் போனது.

"இது என்ன?"

"எலுமிச்சம்பழம், சார்."

"நசுங்கவில்லையே?"

"வண்டி கெளம்புனாத்தானே சார் நசுங்கும்."

கருணாகரன் பழத்தைக் குனிந்து பார்த்தார். போன மாதம் வாங்கிய தம் சொந்தக் காடிக்கும் இதே மரியாதையைச் செய்துதான் தார்ச் சடக்கில் இறக்கியிருந்தார். சக்கரத்துக்கு அடியில் முழுப் பழம் இருந்தால் வண்டி கிளம்பப் போகிறது என்று அர்த்தம். அதை மறுத்தால் தம்முடைய காடியையே மறுத்ததாகும்.

"அப்படியானால் இது புறப்பட இருக்கும் விமானம்" என்றார். "புறப்பட இருப்பதை வெட்ட எனக்கு அதிகாரம் இல்லை. ஏன் தாமதம்?"

"நல்ல நேரம் அமையல, சார்" என்றார் சாமிநாதன்.

"வானிலை என்று எழுதிக்கொள்கிறேன்."

மறுநாள் நிலையத்தின் கரும்பலகையில் சிங்கப்பூர் விமானத்துக்கு மேலே ஒரு வரி சேர்ந்தது: காஜா பெராங் விமானம், தாமதம். மருதப்பன் சைக்கிளில் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். சாயங்காலம் இன்னொரு தடவை போய்ப் பார்த்தார்.

விமானம் தாமதம் என்றால் அதைப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கும் பிரயாணிகள் ஆகிறார்கள். பிரயாணிகளை எடை போடுவது விதி. சாமிநாதன் பசாரிலிருந்து ஓர் அரிசித் தராசைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்தார். எடைச் சீட்டு இல்லாதவர்களை உபதலைவர்கள் உள்ளே விட மறுத்தார்கள். தலைவருக்குத் தங்கச் சரிகை வைத்த தொப்பி ஒன்று தைக்கப்பட்டது. இதற்கு முன் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போன சனங்கள், கெடுபிடி கூடியதும் மதிப்பும் கூடிவிட்டதாக உணர்ந்து, தூரத்துச் செமாபோக்கிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள்.

சும்மாவும் வரவில்லை. ஆண்கள் அந்த வெயிலில் கோட்டு மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, தோளில் ஒரு பையைத் தொங்கவிட்டு வந்தார்கள். பெண்கள் பட்டுக் கட்டி, வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களோடு அழுது, விமானப் படியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். படியில் நின்று கையசைக்கும் படம் இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

"அது பறக்காதுன்னு இவங்ககிட்ட சொன்னா என்னா?" என்று கேட்டாள் சிகப்பி.

"தாமதம்னுதான் சொல்லலாம். பறக்காதுன்னு சொல்ல நமக்கு அதிகாரம் இல்ல" என்றார் மருதப்பன். குரல் கருணாகரன் குரல் மாதிரியே இருந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

இந்த நிலையில் கிளேபாங் துணிக்கடை முதலாளி கலியாணசுந்தரம் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். ஊரில் எந்தச் சபை ஆரம்பித்தாலும் அதற்குப் போஷகர் அவர்தான். அங்கே அவருக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. நிஜ விமானம் வந்து இறங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு, காற்றாடியைச் சுழற்ற ஆரம்பித்தது. கருணாகரன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முன்னால் ஒரு விமானம் காத்திருக்கிறது. பணி மூப்பு உள்ளது முதலில் போகும்."

வெள்ளைக்கார விமானி இறங்கி வந்து பார்த்துவிட்டு, அதற்கு எஞ்சின் இல்லை என்றான்.

"எஞ்சின் இல்லாதது தொழில்நுட்ப விஷயம். மூப்பு நிர்வாக விஷயம். இரண்டையும் குழப்பக் கூடாது."

இதைக் கேட்டதும் கலியாணசுந்தரம் நிஜ விமானத்தின் படியிலிருந்து கீழே இறங்கினார். "பெரியது இருக்கும்போது நான் சின்னதில் போவதா? நன்றாக இருக்குமா?" என்றார். எடை போடப்பட்டு, சப்பாத்தைக் கழற்றி, மாலையோடு கொட்டகை விமானத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒரு உபதலைவர் கதவைச் சாத்தினார். கூட்டம் கைதட்டியது.

கருணாகரன் மருதப்பனைத் தனியே கூப்பிட்டார். "இன்றைக்கும் புறப்படவில்லை என்றால் பழுது என்று எழுத வேண்டிவரும். பழுது என்றால் பழைய சாமான்காரர்தான்."

மருதப்பன் தொப்பியைக் கழற்றிச் சிகப்பியிடம் கொடுத்தார். ஐந்து பேரும் வால் பக்கம் போய்த் தோள் கொடுத்தார்கள். முதலாளி கனத்த ஆள். தம் பிடித்துத் தள்ளியதில் விமானம் முனகிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின.

கருணாகரன் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். கரும்பலகையில் தாமதம் என்பதை அழித்துவிட்டுப் புறப்பட்டது என்று எழுதினார். வழியனுப்ப வந்தவர்கள் கைக்குட்டையை ஆட்டினார்கள். முதலாளியின் மருமகள் நிஜமாகவே அழுதாள்.

சற்று நேரத்தில் முதலாளி வியர்த்துக் கொட்ட வெளியே வந்து, "சரி, இப்ப அந்தப் பிளேன்ல ஏறிக்கலாமா?" என்றார்.

கருணாகரன் அவரைத் தாண்டி எங்கோ பார்த்தார். "முதலாளி சற்று முன்புதான் புறப்பட்டுப் போனார். போனவர் மறுபடி போக விதி இல்லை."

நிஜ விமானம் அவர் இல்லாமல் போயிற்று. அவர் கிளேபாங்கில் ஒரு வாரம் வீட்டுக்குள் இருந்துவிட்டு, தன் கடையிலிருந்தே எடுத்த சேலைகளைச் சிங்கப்பூர்ச் சாமான் என்று சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார். அவர்களும் இந்தத் தரம் நம்ம ஊரில் கிடைக்காது என்றார்கள்.

மருதப்பன் கேட்க வேண்டியதைக் கேட்டார். "சார், இனிமே வெட்ட மாட்டீங்களே?"

"போய்விட்டதை எப்படி வெட்டுவது? இங்கே ஒன்றும் இல்லையே."

மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. விமானம் பிழைத்துக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அதன் மூக்கைத் துடைக்கத் துணியோடு போனவர், கொட்டகை வாசலில் நின்று யோசித்தார். இல்லாத ஒன்றைத் தலைவர் துடைப்பது முறையல்ல. துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தொப்பியை மாட்டினார்.

கோட்டும் பட்டுமாக ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

"விமானம் போயிருச்சு" என்றார் மருதப்பன், அதன் இறக்கை நிழலில் நின்றுகொண்டு. "நேரத்தோட வந்திருக்கணும்."

வந்தவர்கள் இறக்கையைப் பார்த்தார்கள், அவருடைய தொப்பியைப் பார்த்தார்கள். "அப்பவே சொன்னேன், பவுடர் போட்டது போதும்னு" என்று ஒருவர் மனைவியைக் கடிந்துகொண்டார். அடுத்த வாரம் விடியற்காலை பஸ்ஸுக்கே வந்துவிடுவது என்று பேசிக்கொண்டு எல்லாரும் திரும்பிப் போனார்கள்.

கூட வந்திருந்த சிகப்பி மட்டும் போகவில்லை. மருதப்பனின் தோளுக்குப் பின்னால், குங்குமம் மங்கிப்போய்த் தூசி படிந்திருந்த அந்தப் பச்சை மூக்கைக் காட்டி, "அப்ப இது என்னாங்க?" என்று கேட்டாள்.

மருதப்பன் திரும்பிப் பார்த்தார். கை தானாகப் பையிலிருந்த துணிக்குப் போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"எது?" என்றார்.