கருந்துளை கலக்கும் ஆராவமுதன்

குடிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். குடிக்காதவர்களையும் தெரியும், அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இப்போது பெங்களூரில் மாடிக்கு ஒருவர் வீதம் பெருகிவருகிறது. கலக்குகிறவர். இவர் குடிப்பது இரண்டு மடக்கு; அதைப் பற்றிப் பேசுவது இரண்டு மணி நேரம். தாகமாக இருக்கிறது என்று இவர் வீட்டில் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

பொம்மசந்திரா பக்கத்தில் எட்டாவது மாடியில் குடியிருக்கும் ஆராவமுதன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர். வயது நாற்பத்து மூன்று, மென்பொருள் வேலை. பெருமாள் கோயில் தீர்த்தத்தைத் தவிர வேறெதையும் கையேந்தி வாங்காத பரம்பரை. அந்தப் பரம்பரையின் பூஜை அலமாரியைத்தான் வார்னிஷ் அடித்து, கூடத்தில் நிறுத்தி, பாட்டில்களை அடுக்கியிருந்தார்.

அவருடைய சாதனையின் பெயர் 'கருந்துளை'. சூரியன் அணைந்துபோன ஒரு கிரகத்தில், கடைசி விண்கலமும் கிளம்பிப் போன பிறகு, மிச்சமிருக்கும் ஒரே மனிதன் என்ன குடிப்பான் என்று யோசித்து யோசித்து உருவாக்கியது. அடர்கறுப்பு ரம், அதில் மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கிய காப்பி டிகாக்‌ஷன், கறுப்பு எள்ளை வறுத்து அரைத்துக் கருப்பட்டிப் பாகில் வடித்த சாறு, மேலே மிதக்க ஓர் அன்னாசிப்பூ. மற்ற வீடுகளில் பிரியாணிக்குப் போடும் பூ இவர் வீட்டில் 'செத்துப்போன நட்சத்திரம்'. கடைசியில் ஒரு சின்னத் துப்பாக்கியால் கோப்பைக்குள் மரப்புகை அடிப்பார். அதுதான் விண்வெளி. முதல் மடக்கிலேயே காது அடைக்கும். கிரகத்தில் காற்றில்லை, அப்படித்தான் இருக்கும் என்பார். மென்பொருள் மனிதர் அல்லவா, ஒவ்வொரு தடவைக்கும் பதிப்பு எண் உண்டு. நாம் பேசும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது ஏழு புள்ளி இரண்டை எட்டியிருந்தது.

அன்றைக்குப் பார்த்து பாலகுமார் வந்தான். கல்லூரியில் நான்கு வருடமும் ஆராவமுதனுக்குப் பக்கத்து பெஞ்ச், விவேக் நகர்க்காரன். கூடவே அதிதி. இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று போனில் சொல்லியிருந்தான். ஆராவமுதனும் "சூப்பர்டா" என்று சொல்லியிருந்தார், பாகை வடிகட்டிக்கொண்டே.

வந்த விஷயம் சாதாரணமானதல்ல. மறுநாள் பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். அதிதியின் அக்காவும் அவள் தோழியும் தயார். மூன்றாவதாக வருவதாக இருந்த பாலகுமாரின் சித்தப்பா மகன், பெண் செய்யும் வேலையைக் கேள்விப்பட்டதும் சனிக்கிழமை சாயங்காலம் கழன்றுகொண்டான். அதே காரணத்துக்காக அம்மா இரண்டு மாதமாகப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை ஆம்பூரிலிருந்து மாமாக்கள் நான்கு பேர் 'பேசித் தீர்க்க' வருகிறார்கள். மாமாக்கள் பேச ஆரம்பித்தால் எப்படித் தீரும் என்று பாலகுமாருக்குத் தெரியும்.

சோபாவில் உட்கார்ந்ததும் சொல்ல வாயெடுத்தான். முதலில் மணத்தை மட்டும் பார் என்று ஆராவமுதன் கோப்பையை மூக்கடியில் நீட்டினார். மறுபடி வாயெடுத்தான். இந்த ரம் எந்த மரப் பீப்பாயில் எத்தனை வருடம் கிடந்தது என்பது வந்தது. மூன்றாவது தடவை, நாக்கின் பின்பகுதிக்கும் முன்பகுதிக்கும் உள்ள வேறுபாடு. நாக்கு எதற்கு இருக்கிறது, பேசவா? இவர் வீட்டில் இல்லை.

அதிதி மட்டும் ஒருமுறை மெதுவாகச் சொன்னாள்.

"ஐஸ் கடைசில போட்டா நல்லா இருக்கும் சார். இப்பவே தண்ணி விட்டுடுது."

ஆராவமுதன் இரக்கத்தோடு சிரித்தார். இதெல்லாம் பிடிபட நாளாகும் என்று சொல்லி, குலுக்கும் குவளையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவள் கற்றுக்கொண்டாள். பாலகுமார் கூரையைப் பார்த்தான்.

கடைசியில், துப்பாக்கியிலிருந்து புகை கிளம்பிய நேரத்தில், பாலகுமார் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். சித்தப்பா மகன், மாமாக்கள், பதினொரு மணி. "நீ வந்தா போதும் மச்சா. எனக்குன்னு நிக்க வேற யாரும் இல்ல."

"கண்டிப்பா வரேன்டா," என்றார் ஆராவமுதன், புகையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் புகை வாசல் வரை போய், அடுக்குமாடிச் செயலாளர் கோவிந்தப்பா "ஏனு சார், கேஸ் லீக்கா?" என்று கன்னடத்தில் பதறி வந்து, அவருக்கும் பீப்பாய்க் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி நிருபமா எல்லாவற்றையும் கேட்டாள். ராத்திரி ஞாபகப்படுத்தினாள், "ம்" என்றார். காலையிலும் ஞாபகப்படுத்தினாள், அதற்கும் "ம்". ஏழு புள்ளி மூன்றுக்குக் கறுப்பு எள் தீர்ந்துபோயிருந்தது. ஒன்பது மணிக்கு, போனை சார்ஜரிலேயே விட்டுவிட்டு, நல்ல எள் ஆனேக்கல் சந்தையில்தான் கிடைக்கும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பன்னிரண்டரை. வீடு பூட்டியிருந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்தார். போனில் பதினான்கு அழைப்புகள், ஒரு புகைப்படம். பாலகுமாரும் அதிதியும் மாலையோடு நிற்க, முன்னால் மேஜையில் குனிந்து நிருபமா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வந்ததும் ஆராவமுதனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவன்."

"சொன்னார். நான் ரெண்டு தடவை சொன்னேன்," என்றாள் நிருபமா. "பத்தேகால் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் ஆட்டோ பிடிச்சேன். அவர் ஆபீஸ் வாசல்லயே நின்னுண்டிருந்தார், உன் வண்டி வரதான்னு பார்த்துண்டு."

ஆராவமுதனுக்குக் கையிலிருந்த எள்ளுப் பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் விவேக் நகருக்குப் போனார். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்துப் போனவரை பாலகுமார் "வா, உட்காரு" என்றான். அது சண்டையைவிட வலித்தது. அதிதி ஒரு தம்ளரை வைத்தாள். ரம், எலுமிச்சைத் துண்டு, கடைசியில் போட்ட ஐஸ். விளக்கவுரை கிடையாது. குடித்தார். நன்றாக இருந்தது, அவருடைய ஏழு பதிப்புகளையும்விட நன்றாக இருந்தது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"அதான் சார் என் வேலை. கோரமங்களாவுல ஒரு பார்ல ஆறு வருஷமா கவுன்ட்டர்ல நிக்கிறேன்."

குவளையை எப்படிப் பிடிப்பது என்று நேற்று அவளுக்குக் காட்டிய விரல்களைத் தம்ளருக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வெகுநேரம் பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது பெரிய சாதனை. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நேத்து நான் உன்கிட்ட என்னடா சொன்னேன்?"

"கண்டிப்பா வரேன்னு சொன்ன மச்சா," என்றான் பாலகுமார். "அத நம்பித்தான் நேத்து நான் தூங்குனேன்."

ஆராவமுதன் திருந்தினாரா என்று கேட்பீர்கள். மூன்று வாரம் அலமாரியைத் திறக்கவில்லை. இப்போது வீட்டிலேயே ரொட்டி மாவு புளிக்கவைக்கிறார். அது பற்றி உங்களிடம் பேச ஆவலாக இருக்கிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஒரு சொட்டும் தொடாதவர், உங்களுக்கென்ன? சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் யாரோ வந்து நின்று ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் "சரி" என்றீர்கள். எதற்கு என்று போய் விசாரித்துவிடுங்கள்.