தயிர் ஆயிருச்சு!

மலாக்கா மாநிலத்திலேயே கிருமிகளை வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசிய ஒரே மனிதர் எங்கள் தயிர் அண்ணன்தான். முதலாளிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

பத்து பெரண்டாம் என்ற ஊரில், தொழிற்சாலைகளுக்கு நடுவே, உணவைச் சோதிக்கும் சின்ன ஆய்வகம் எங்களுடையது. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததுமே அண்ணன் விசாரணையைத் தொடங்கிவிடுவார். "வாங்க வாங்க. எந்தக் குடும்பம்? ஊதாச் சேலையா, ரோஸ் சேலையா?" சாயம் ஏற்றினால் சில கிருமிகள் ஊதாவாகவும் சில ரோஸாகவும் தெரியும், அதைத்தான் கேட்கிறார். சங்கிலியாக நின்றால், "கியூல நிக்கிறாங்க, படிச்சவங்க லா!" திராட்சைக் கொத்தாகக் குவிந்திருந்தால் மட்டும் குரல் தாழும். "கூட்டுக் குடும்பம். இங்கதான் வில்லங்கம்."

வில்லங்கத்தை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. முயல் ரத்தத்தின் தெளிந்த நீரில் கிருமியைக் கலந்து இளஞ்சூட்டில் வைப்போம். நீர் உறைந்தால், புண்ணிலிருந்து சாப்பாட்டுக்குள் இறங்கி விஷம் கக்கும் இனம். அண்ணன் குழாயைச் சாய்ப்பார். ஆடாது. கூரை அதிரக் கத்துவார்: "தயிர் ஆயிருச்சு!" பெயர் வந்தது அப்படித்தான்.

வெளியிலும் அடங்கமாட்டார். டுரியான் துங்காலில் என் அக்கா கல்யாணத்தில் ரச வாளிக்குள் தெர்மாமீட்டரை விட்டார். சமையல்கார அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏன் தம்பி, ரசத்துக்குக் காய்ச்சலா?"

"காய்ச்சல் பத்தலம்மா. அதான் கவலை!"

லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடை அக்கா வந்தார். அவர் கடையில் சாப்பிட்ட சிலருக்கு வாந்தி. சோறு, முட்டைச் சம்பல், தயிர் எல்லாவற்றையும் டப்பாக்களில் கொண்டுவந்திருந்தார். "எனக்கு இந்தக் கடைய விட்டா வேற இல்ல தம்பி. எதுன்னு சொல்லுங்க, தூக்கிப் போட்டுர்றேன்."

வில்லங்கம் சம்பலில் இருந்தது. அறிக்கை போய்ச் சேரும்வரை அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. குழாய் உறைந்த சந்தோஷத்தில் உடனே போனைப் போட்டார். "அக்கா, தயிர் ஆயிருச்சு! மொதல்ல தூக்கிப் போடுங்க!"

"ஐயோ, சரி தம்பி. ரொம்ப நன்றி தம்பி."

அக்கா தயிரைக் கொட்டினார். விரலில் கட்டுப் போட்ட கையோடு சம்பலைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அறிக்கை கைக்கு வருவதற்குள் இன்னும் பலருக்கு வாந்தி. சுகாதார அதிகாரிகள் கடையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு அது திறக்கவேயில்லை.

அறிக்கையைத் தூக்கிக்கொண்டு அக்கா ஆய்வகத்துக்கே வந்தார். கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. "தயிரத்தான் கொட்டிட்டனே தம்பி. நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணன் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார்.

அதன்பிறகு குழாய் உறைந்தால் "பாசிட்டிவ்" என்பார், அவ்வளவுதான். கிருமிகளுக்குக் குடும்பமும் இல்லை, சேலையும் இல்லை, எல்லாம் எண்கள். ஆய்வகத்தில் ஃப்ரிட்ஜின் உறுமல் கேட்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் அது உறுமும் என்பதே எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் அண்ணன் சிங்கப்பூரில் வேலை என்று போய்விட்டார். அந்த அக்கா இப்போது எங்கள் சாலையிலேயே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார்.

இன்று காலை ஒரு குழாயைச் சாய்த்தேன். ஆடவில்லை. "பாசிட்டிவ்" என்று எழுதினேன். பிறகு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னேன்: "தயிர் ஆயிருச்சுண்ணே."