மூன்றாவது சக்தியும் ஒற்றைக்கண் ராணியும்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. நான் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீங்களும் உங்கள் மனைவியும் டிரைவிங் ஸ்கூலின் இரண்டு கார்களும் நலமா என்று கேட்க ஏழு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. எட்டாவது முறை உங்கள் மனைவி எடுத்து, "அவர் குளிக்கிறாருண்ணா" என்றார். மாலையில் மறுபடியும் செய்தேன். அப்போதும் குளித்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு மனிதர் இவ்வளவு நேரம் தண்ணீரில் இருப்பது உடம்புக்கு ஆகாது என்பதால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்கா நம்மை விட்டுப் போன இருபத்திரண்டாம் நாள் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நான் டீ போட உள்ளே போனேன். மேசைமேல் கிடந்த என் போனில் ஒரு செய்தி வந்தது: "செல்லம், எங்க போயிட்ட? நீ இல்லாம எதுலயும் மனசு ஒட்டல." அனுப்பியவர் பெயர் ஒற்றைக்கண் ராணி. நான் டீயோடு வந்தபோது நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். "நல்லா இருங்க அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சொன்ன விதம் வாழ்த்து மாதிரி இல்லை. அதற்கடுத்த வாரம் உங்கள் சித்தப்பா என்னை மருந்துக் கடை வாசலில் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார். அவருக்கு முட்டிவலி, சாலையைக் கடக்கவே நாலு நிமிடம் ஆயிற்று. அவர் பத்திரமாகப் போய்ச் சேரும்வரை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மச்சான், ஒற்றைக்கண் ராணிக்கு வயது அறுபத்திரண்டு. லாரி ஓட்டுகிறார். மீசை இருக்கிறது, படம் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன், நீங்கள் வந்தால் காட்டுகிறேன். அவர் எல்லாரையும் செல்லம் என்றுதான் கூப்பிடுவார். என்னையும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்தச் செல்லம் எனக்கு வந்தது அல்ல, உங்கள் அக்காவுக்கு வந்தது.

முதலில் இருந்து சொல்கிறேன். அவள் போன நாலாவது நாள் அலமாரியில் இருந்த அவள் போன் அதிர ஆரம்பித்தது. எடுத்தால் ஓய்கிறது, வைத்தால் அதிர்கிறது. திறக்க நாலு இலக்க எண் கேட்டது. எங்கள் கல்யாண வருடத்தைப் போட்டேன், இல்லை. என் பிறந்த வருடம், அதுவும் இல்லை. கடைசியில் அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த வருடம் போட்டதும் திறந்தது. கொஞ்சம் மனவருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே போனபின் அந்த வருத்தத்துக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது. அங்கே ஒரு வாசகர் குழுவில் நானூற்றுச் சொச்சம் பேர் 'ஊசியக்கா எங்கே' என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஊசி என்பது உங்கள் அக்கா. முப்பது வருடம் ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.

இதற்கு மேல் படிக்க நீங்கள் கொஞ்சம் பொறுமை காட்ட வேண்டும். மங்கா என்று ஜப்பான்காரர்களின் படக்கதை ஒரு வகை இருக்கிறது, மாங்காய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடற்கொள்ளையர்களைப் பற்றி அப்படி ஒரு கதை பல வருடமாக வந்துகொண்டிருக்கிறது. பரிசோதனைக்கு வரும் பிள்ளைகள் பயப்படாமல் இருக்க யாரோ அதன் முதல் புத்தகத்தைக் காத்திருக்கும் அறையில் போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்க உங்கள் அக்கா படித்திருக்கிறாள். பதினாலு வருடம் நிறுத்தவே இல்லை. பீரோவின் கீழ்த்தட்டில் கம்பளிகளுக்குப் பின்னால் அறுபத்தொரு புத்தகம் இருந்தது. நான் அவற்றை ஆய்வகத்துக் காகிதம் என்று நினைத்து அந்தப் பக்கமே போனதில்லை.

நானும் படித்தேன். முதல் புத்தகத்தில் ஒரு கப்பல் நொறுங்கிக் கிடந்தது, சுக்கான் பிடிக்கிற கிழவர் செத்துக் கிடந்தார், தலைவன் அழுதுகொண்டிருந்தான். பக்கத்தைப் புரட்டப் புரட்ட கிழவர் எழுந்தார், காயம் ஆறியது, கப்பல் ஒன்றுசேர்ந்தது, கடைசியில் எல்லாரும் துறைமுகத்துக்குத் திரும்பிச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எனக்கு அந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்துவிட்டது. இதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொன்னபோதுதான், மங்காவை மறுபக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாக, படிக்க வேண்டும் என்று அவன் சொன்னான். சரியான பக்கத்திலிருந்து படித்தேன். கிழவர் செத்துப்போனார்.

இந்தக் கதையில் ஆட்களுக்கு மனதிலிருந்து வரும் சக்தி உண்டு. ஒன்றுக்குப் பெயர் நங்கூரம், யார் அடித்தாலும் அசையாமல் நிற்பது. இன்னொன்று காற்று, எதிராளி செய்யப்போவதை முன்னாலேயே உணர்வது. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அது இன்னதென்று கதை எழுதுகிறவர் சொல்லவில்லை. சுக்கான்காரர் செத்த அந்த நிமிடம், அதுவரை படகைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத தலைவன் புயலுக்கு நடுவில் தனியாகக் கப்பலைத் திருப்பிவிடுகிறான். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? நானூறு பேரும் இதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். செத்தவரின் பலம் தலைவனுக்குள் இறங்கிவிட்டது என்பது ஒரு கட்சி. அதன் தலைவர் உப்புக்கிழவன் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர். உண்மையில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண். எதிர்க்கட்சியில் உங்கள் அக்கா. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "போனவரோட பலம் அவரோட போயிடும். ஒருத்தர்கிட்டயிருந்து ஒருத்தருக்கு ஏத்த இது ரத்தம் இல்ல. அதுலகூட குரூப் பார்த்துதான் ஏத்தணும். சாஞ்சிக்க ஆள் இல்லாம போச்சு, அதனால அவன் நின்னான். அது அவனோட சொந்தப் பலம். முன்னாடியே இருந்தது, அவனுக்குத்தான் தெரியல." ஒன்பது வருடம் இதை மாற்றிப் பேசவில்லை. அவள் பிடிவாதம் உங்களுக்கும் தெரியும்.

மச்சான், ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். பல வருடம் முன்னால் ஒருநாள் சாப்பிடும்போது அவள் என்னிடம் இதைத்தான் சொல்ல ஆரம்பித்தாள். "ஏங்க, ஒரு கதை படிக்கிறேன், அதுல மூணு சக்தி வருது" என்றாள். அந்த நேரம் பிரிட்ஜ் ஒரு சத்தம் போட்டது. நான் எழுந்து பிரிட்ஜின் பின்னால் போய்விட்டேன். திரும்பி வந்து "கார்ட்டூனா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்றாள். அதன்பிறகு சொல்லவே இல்லை. பிரிட்ஜில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் இருந்த பதினோரு நாளில் ஆறாவது நாள் அவள் போனைக் கேட்டாள். "சிலபேர்கிட்ட சொல்லணும்" என்றாள். ஆய்வகத்து ஆட்களாக இருக்கும் என்று நினைத்து, "ரெஸ்ட் எடு, எல்லாம் வந்து பேசிக்கலாம்" என்று போனை என் பையில் வைத்துக்கொண்டேன். நீங்களும் அப்போது பக்கத்தில் இருந்தீர்கள். "ஆமாக்கா, போன் வேணாம்" என்றீர்கள். உங்கள்மேல் பழி போடவில்லை. பாதி மட்டும் போடுகிறேன்.

அதனால் அவள் சொல்ல நினைத்ததை நான் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். இதற்கிடையில் அவள் போனின் பேட்டரி உப்பிப்போய் மூடி திறந்துகொள்ள, போன் கடைக்காரப் பெண் அந்தக் குழுவில் அவளுக்கிருந்த கணக்கை என் போனுக்கு மாற்றிக் கொடுத்தாள். அதில் வந்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். "அவள் இறந்துவிட்டாள்" என்று எழுத உட்கார்ந்தேன். விரல் வரவில்லை. அதற்குப் பதிலாக உப்புக்கிழவனின் வாதங்களைப் படித்தேன். படிக்கப் படிக்க அவர் சொல்வதுதான் சரி என்று தோன்றியது. போனவருடைய பலம் எப்படி ஒன்றுமில்லாமல் போகும்? நான் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன். ஜனங்கள் லிஃப்ட் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். சுவருக்குப் பின்னால் அதற்கு ஈடாக ஓர் எடைக்கட்டு தொங்குகிறது, பெட்டி கீழே இறங்கினால் அது மேலே ஏறும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கயிற்றின் மறுமுனையில் இருக்கும். செத்த சுக்கான்காரரும் அப்படித்தான் தலைவனுடைய கயிற்றின் மறுமுனையில் இருக்கிறார் என்று, படமும் வரைந்து, உங்கள் அக்காவின் பெயரிலேயே போட்டுவிட்டேன். அவளுக்கு எதிராக அவள் பெயரில். வேண்டுமென்று செய்யவில்லை, கணக்கு அந்தப் பெயரில் இருப்பதையே மறந்துவிட்டேன். அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசையில் வேறெதுவும் ஞாபகம் வரவில்லை.

ஒரே அமளி. ஊசியக்கா கட்சி மாறிவிட்டார் என்று அவள் கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். ஒருவர் அவளைத் துரோகி என்றுகூட எழுதினார், அவரோடு நான் ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டேன். லிஃப்ட் படம் மட்டும் நன்றாக இருக்கிறது என்று ஏழு பேர் சொன்னார்கள். உப்புக்கிழவன் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் அவர் எனக்குத் தனியாக எழுதினார்: "ஒம்பது வருஷமா நான் தலைகீழா நின்னு சொல்லியும் ஒத்துக்காதவங்க. ஒரே நாள்ல ஒத்துக்கிட்டாங்கன்னா எழுதுறது அவங்க இல்ல. நீங்க யாரு? அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"நான் அவ புருஷன். அவ போயிட்டா" என்று எழுதினேன். இந்த ஐந்து வார்த்தையை ஒற்றை விரலால் தட்ட எனக்கு அரை மணிநேரம் ஆயிற்று.

அவர் அதைக் குழுவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பிறகு லாரிக்காரர் போன் செய்தார். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுவதாகச் சொன்னார், ஆனால் பேசவில்லை, அழுதார். "எனக்குச் சர்க்கரை ஏறிக் கெடந்தப்ப தெனமும் எவ்ளோ இருக்குன்னு கேட்பாங்க செல்லம். சொல்லலைன்னா திட்டுவாங்க" என்றார். உப்புக்கிழவன் எல்லாருக்கும் தெரிய இரண்டு வரி எழுதினார்: "நான் தோத்துட்டதா வச்சுக்கோங்க. அவங்க சொன்னது தப்புன்னு இனிமே யார்கிட்ட போய் நிரூபிப்பேன்?"

நடந்தது இவ்வளவுதான். இதில் பெண் விவகாரம் எங்கும் இல்லை. உங்கள் அக்காவுக்கு நானூறு பேர் சொந்தம் இருந்ததும், அவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாமல் இருந்ததும்தான் இதில் என் குற்றம். அதற்கு நீங்கள் என்னோடு பேசாமல் இருந்தால் நியாயம். லாரிக்காரருக்காகப் பேசாமல் இருப்பது நியாயம் இல்லை. என் பக்கம் ஆறுதலுக்கு ஒன்று மட்டும் இருக்கிறது: என் கட்சி சரி என்றே நான் இன்னும் நம்புகிறேன். அவள் பலம் எங்கும் போகவில்லை. எடைக்கட்டு மாதிரி எங்கோ சுவருக்குப் பின்னால் இருக்கிறது.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சித்தப்பாவின் முட்டி குணமாகட்டும், அவர் இனி என் பக்கமே நடக்கலாம். உங்களிடம் ஓட்டக் கற்க வருகிறவர்கள் எல்லாரும் இடது வலது தெரிந்தவர்களாக அமையட்டும். உங்கள் பக்கத்து பிரேக் எப்போதும் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இதை ஒட்டி வைத்த பிறகு மறுபடியும் பிரித்திருக்கிறேன், உறை கிழிந்திருந்தால் மன்னிக்கவும். இன்று காலை அறுபத்திரண்டாவது புத்தகம் வந்தது. அவள் புத்தகக் கடையில் முன்பே சொல்லி வைத்திருக்கிறாள், அவள் பெயருக்கு வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மூன்றாவது சக்தி என்ன என்று அதில் சொல்லிவிட்டார்கள். உங்கள் அக்கா சொன்னதுதான் சரி. செத்தவரின் பலம் அவரோடு போய்விட்டது, யாருக்குள்ளும் இறங்கவில்லை. புயலில் நின்றது தலைவனுடைய சொந்தப் பலம்தான். உப்புக்கிழவனின் வாதமும் என் லிஃப்ட் படமும் வீண். அறுபத்தெட்டாம் பக்கம், மூன்று முறை படித்துவிட்டேன், இந்த முறை சரியான பக்கத்திலிருந்துதான். "ஊசி ஜெயித்துவிட்டாள்" என்று நானே அங்கே எழுதினேன். பதினாலு வருடம் காத்திருந்தவள், இரண்டு மாதத்தில் தவறவிட்டாள். இதை அவளிடம் சொல்ல வேண்டும்போல இருக்கிறது. நீங்கள் வந்தால் உங்களிடம் சொல்வேன். வாசல் மணி பழுதாகிக் கிடக்கிறது, நான் இன்னும் கழற்றிப் பார்க்கவில்லை. கதவைத் தட்டுங்கள்.