நாற்பது சுற்று கச்சேரி

மச்சினன் ஸ்தனிஸ்லாஸ் வீட்டு வாசற்படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று சவரிமுத்து புதன்கிழமை மறுபடியும் முடிவு செய்தார். மறுபடியும் என்றால், பதினெட்டாவது முறை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஸ்தனிஸ்லாஸின் கல்யாணத்தில் படம் எடுக்கும்போது, "அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவன் சொன்னான். இவர் தள்ளி நின்றார். ஆல்பத்தில் இவருடைய இடது காது மட்டும் விழுந்தது. மனிதர் மன்னித்திருப்பார். காது மன்னிக்கவில்லை.

இப்போது அவன் நகரத்தின் மறுகோடியில், ஹடப்சரில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடு மந்திரிப்பு, பாதிரியார் வந்து ஜெபிப்பார். அழைக்க வந்தவன் சும்மா போனானா? அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிடி ஒன்றை நீட்டினான். பியானோ கச்சேரி. ஒருவர் பியானோ வாசிக்க, பின்னால் எழுபது பேர் துணைக்கு ஊதுவார்கள், இழுப்பார்கள்.

"மினிமலிசம் அத்தான். கொஞ்சூண்டு சத்தத்த வச்சே முழு கச்சேரியும் ஓட்டிருவாக. உங்களுக்குப் புரியுதோ என்னவோ, கேட்டுப் பாருங்க."

கொஞ்சூண்டை வைத்து நெடுநேரம் ஓட்டுவது அவன் மூளைக்குப் பழக்கமான வேலைதான். ஆனால் 'புரியுதோ என்னவோ' என்றானே! சவரிமுத்து படித்தது எட்டாம் வகுப்பு. அதனாலென்ன? ஆகுர்டி ஸ்கூட்டர் ஃபாக்டரியில் முப்பது வருஷம் கடைசிச் சோதனை பார்த்தவர். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கோணல் திருகாணிகூட வெளியே போனதில்லை.

"ஏட்டி புஷ்பம்! நான் வரப் போறதில்ல. இந்தக் கச்சேரிய அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சு நாலு பக்கம் எழுதித் தாரேன். நீ கொண்டு போய் அவன் மூஞ்சியில காட்டு."

"சரிங்க" என்றாள் மரியபுஷ்பம், அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே.

சண்டை போடாமல் சரி என்றது அவருக்குச் சப்பென்று இருந்தது. அவளுக்கோ வேறு கவலை. பதினேழு வருஷமாகத் தம்பி வீட்டு விசேஷங்களுக்குத் தனியாகப் போய், "அவுகளுக்கு டூட்டி" என்று சொல்லிச் சமாளித்தவள். போன ஜனவரியில் மனுஷன் ரிட்டயர் ஆனதும் அந்தப் பொய்யும் ரிட்டயர் ஆகிவிட்டது.

சவரிமுத்து சிடியைப் போட்டு, ஃபாக்டரிப் பழக்கப்படி தாளில் குச்சி போட ஆரம்பித்தார். ஒரு சுற்றுக்கு ஒரு குச்சி. நாலு குச்சிக்குக் குறுக்கே ஐந்தாவது. தன நன தன நன. மறுபடியும் தன நன தன நன. நாற்பது குச்சி ஆயிற்று.

"ஒரே சாமானையே நாப்பது வாட்டி பெல்ட்ல அனுப்புதான் புஷ்பம். இதுக்கு எழுபது பேரு!"

"இல்லங்க, அது மாறுது."

"எங்க மாறுது? எண்ணுதது நானா நீயா?"

"நீங்க எண்ணுதீக, நான் கேக்கேன். மொதல்ல நாலு சத்தம். இப்ப அஞ்சு. நடுவுல ஒண்ணு சத்தமில்லாம வந்து உக்காந்திருக்கு."

திருப்பிப் போட்டுக் கேட்டார். உட்கார்ந்துதான் இருந்தது. இன்னொரு பத்துச் சுற்றில் ஆறாவதும் ஏறிக்கொண்டது. உடனே அதைத் தன் கண்டுபிடிப்பாக எழுதி, உரக்க வாசித்தார்.

"'இவன் ஒவ்வொரு தடவையும் அதையே வாசிப்பதுபோல் வாசித்து, நூல் அளவு மாற்றுகிறான். கேட்பவன் அசந்திருக்கும்போது வேறு ஊருக்கே கொண்டுபோய் இறக்கிவிடுகிறான். இது சங்கீதமல்ல, ஆள் கடத்தல்.' எப்படி?"

"நல்லா இருக்கே. இன்னொரு வாட்டி வாசிங்க."

பெருமையாக வாசித்தார். முப்பது வருஷத்தில் அவள் அவரை இரண்டாம் முறை எதையும் சொல்லச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை அவள் சொன்னாள். "நீங்க வர வேண்டாம். கிரைண்டர் பரிசா வாங்கியிருக்கேன்லா, அத மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிட்டு வாங்க."

பஸ் ஸ்டாப்தானே. சரி.

வெள்ளிக்கிழமை: "நீங்க வர வேண்டாம். பஸ்ஸு மாறணும், பதினோரு கிலோவ யாரு ஏத்தி இறக்க? ஹடப்சர்ல இறக்கிவிட்டுட்டுத் திரும்பிருங்க."

"ஊருக்குள்ள வருவேன். வீட்டுக்கு வர மாட்டேன்."

"யாரு கூப்பிட்டா?"

சனிக்கிழமை: "நீங்க வர வேண்டாம். ஃப்ளாட்டு சொசைட்டி கேட்டு வரைக்கும் போதும். சட்டைய இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

"கேட்டு வரைக்கும் போறவனுக்கு இஸ்திரிச் சட்டை எதுக்குட்டி?"

"கேட்டுல வாட்ச்மேன் இருப்பாம்லா. என் தம்பி கௌரவம் கெடட்டும், உங்க கௌரவம் எதுக்குக் கெடணும்?"

இதில் பிசகு எதையும் சவரிமுத்துவின் சோதனைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் 'நீங்க வர வேண்டாம்' என்றுதானே ஆரம்பிக்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை கேட்டில் வாட்ச்மேன் சலாம் போட்டான். லிஃப்ட் ஓடவில்லை. "நீங்க வர வேண்டாம். மூணாவது மாடிதான். கதவுகிட்ட வச்சிட்டு இறங்கிருங்க" என்றாள் புஷ்பம். கிரைண்டரைச் சுமந்து மூச்சிரைக்க ஏறினார். திறந்திருந்த கதவருகே பாதிரியார் தீர்த்தத்தோடு நின்றார். சவரிமுத்துவுக்குப் பின்னால் படியில் பத்துப் பேர் வழிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆயியே அங்கிள், அந்தர் ஆயியே!" என்று உள்ளே அழைத்து, பாதிரியார் அவர் தலையில் தீர்த்தம் தெளித்தார். கையில் பதினோரு கிலோ, கண்ணில் தண்ணீர். ஒதுங்க இடம் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தார் சவரிமுத்து. கண்ணைத் திறந்தபோது காலடியில் புத்தம்புது மார்பிள்.

ஸ்தனிஸ்லாஸ் ஓடி வந்து கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அத்தான்! நீங்க வருவீகன்னு நான் நெனக்கவே இல்ல! எப்பப் பொறப்பட்டீக?"

சவரிமுத்து கிரைண்டரைக் கீழே வைப்பதற்குள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே புஷ்பம் சொன்னாள்:

"வியாழக்கிழமையே பொறப்பட்டுட்டாக தம்பி. அவுகளுக்குத்தான் இப்பம் தெரியுது."