நாலு விரல் இறங்கிய கார்

அன்பு மகன் வெற்றிவேலுக்கு, வீராம்பட்டினத்திலிருந்து உன் அப்பா தெய்வசிகாமணி தன் சொந்தக் கையால் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். கொச்சியில் உன்னை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். நாலு மாதமாகத்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள மாலை வகுப்புக்குப் போகிறேன். வரி நேராகப் புறப்பட்டு, ஓரத்துக்கு வரும்போது கடலுக்குள் இறங்கிவிடுகிறது. ஸ்பிரிங் என்று எழுத மட்டும் ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகிறது. ஆனாலும் எழுபத்தொரு வயதில் மகனுக்கு நானே எழுதுகிறேன் என்று நினைத்தால் விரல் வலிப்பதுகூட இனிக்கிறது. உன் அம்மாவும் வகுப்புக்கு வருவாள். ஆனால் பின்வரிசையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அஞ்சலாட்சி டீச்சரும் பாவம் என்று எழுப்புவதில்லை. அவளுக்கு இன்னும் ஒரு எழுத்தும் வாசிக்க வராது, அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்பது அவள் சட்டம்.

விஷயம் நீ விட்டுப்போன காரைப் பற்றியது. பயப்படாதே, கார் இருக்கிறது. கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது.

அம்மாவின் முட்டிவலி உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் "இன்னாய்யா இது, கோயில் குதிர மேல ஏறுற மாதிரி" என்பாள். நான் முப்பது வருஷம் மீன் வண்டி ஓட்டியவன். வண்டி தாழ்ந்து வந்தால் நல்ல மீன்பாடு என்று ஊரே சந்தோஷப்படும். தாழ்ந்த வண்டியில் தப்பு இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஒரு மத்தியானம் அவள் தூங்கியபோது, அவள் உட்கார்ந்து மீன் அரிகிற முக்காலியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டை மெக்கானிக் எழிலரசனிடம் போனேன். "சீட்டு இந்த ஒசரத்துக்கு வரணும்" என்றேன். அவன் முக்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அதுக்கு டயர கழட்டிட்டுத்தான் ஓட்டணும் பெரியவரே. குட்ட ஸ்பிரிங் போட்டா ரெண்டு வெரல் எறங்கும்." நாலு விரல் இறக்கச் சொன்னேன். "ரோட்ல இடிக்கும்." "முப்பது வருஷம் ஓட்டுனவன்கிட்ட ரோட்டப் பத்தி சொல்றியா?"  சொன்ன அளவுக்கே குட்டை ஸ்பிரிங் தேடிப்பிடித்து அன்றைக்கே மாட்டினான். கார் பதுங்கிய பூனை மாதிரி நின்றது. எனக்கு ஒரே ஆனந்தம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இடுப்பில் கையை வைத்தாள். "யார கேட்டு புள்ள வண்டியில கைய வெச்ச?" சட்டென்று, "அவன்தாண்டி சொன்னான், உன் முட்டிக்காக" என்று உன் பேரைச் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மகன் பாசத்தில் அழுகிறாள் என்று நானும் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் வினை. சாரம் பகுதியில் இருக்கிற உன் தங்கை கலைவாணியின் மகளுக்குக் காதுகுத்து. அம்மா காரில் ஏறவே வேண்டியிருக்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாரம் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் முதல் வேகத்தடை. முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது, பின்சக்கரம் இந்தப் பக்கம், வயிறு நடுவில் உட்கார்ந்துவிட்டது. "எறங்குடி, பாரம் கொறையும்" என்றேன். "எங்க எறங்குறது? உக்காரத்தான சுளுவா பண்ண, எழுந்திரிக்கப் பண்ணியா?" என்றாள். அவள் இறங்கினால்தான் கார் நகரும், அவளால் எழுந்திருக்க முடியாது. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னா பெரியவரே, காரு முட்டையிடுதா?" என்றான். கடைசியில் பூக்காரப் பெண்கள் ரெண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் வெளியே வந்ததும் கார் மூச்சு விட்டு எழுந்து தாண்டியது. அதற்குமேல் அவள் ஏற மறுத்துவிட்டாள். மிச்சத் தூரமும் அவள் முன்னால் நடக்க, நான் பின்னால் ஊர்ந்தேன். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள்: "பாத்துக்கோங்க, சாமி நடக்குது, தேரு சும்மா வருது."

இப்போது நீதான் என்னைக் காப்பாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில், "நான்தாம்மா சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல். என் வேலை என்று தெரிந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவாள். கையில் ஸ்டியரிங் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன் தலைமேல் கை வைத்திருப்பாள். வருகிற வாரமும் இதே கிழமையில் எழுதுவேன். உறையை அம்மாவிடம்தான் கொடுக்கிறேன், சோற்றுப் பருக்கை வைத்து நன்றாக ஒட்டுவாள்.

உன் அப்பா,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: வெற்றி, இது அம்மா. கண்ணை மூடினால் காதும் மூடிக்கொள்ளுமா? அன்றைக்கு நான் அழவில்லை, சிரிப்பை அடக்கினேன். முக்காலி முழுக்க கிரீஸ், அதிலேயே அவர் வேலை என்று தெரிந்துவிட்டது. அந்த முக்காலியைக் கார் கதவுக்குப் பக்கத்தில் போட்டு நான் ஏறியிருந்தால் வேலை முடிந்திருக்கும். முத்தியால்பேட்டை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவருக்கு அது தோன்றவில்லை. பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்ட எழிலரசனிடம் சொல்லிவிட்டேன். சாவி என் முந்தானையில் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நீ அவர் சொன்னபடியே சொல், அப்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும். வருகிற வாரம் கடிதம் நான் எழுதுகிறேன். அவர் உறை ஒட்டட்டும்.